தலைப்பு நிறத்தில் இருளாயியின் பெயர்

எந்தத் தோட்டத்து ஆபீசுக்குள் நுழைந்தாலும் ஸ்கந்தராஜா முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இங்க சிவப்பெண்டா என்ன?"

கேட்டவர்கள் முழிப்பார்கள். ஒரு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று விசாரித்தேவிட்டார். "நல்லாத்தான் இருக்காரு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கலா" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஈப்போவில் என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதை முதலில் சொல்வார்கள்.

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும். எண்பத்தேழாம் வருஷம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் நடந்ததை அவரோடு கூட நின்று பார்த்தவள் நான்.

எங்கள் கம்பெனி ஈப்போவில் ஒரு காப்பிக்கடை மாடியில் இருந்தது. தோட்டங்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி விற்பது தொழில். ஆட்களின் பேர்ப்பதிவு, சம்பளம், ரப்பர் பால் நிறுவை, ஸ்டோர், கணக்கு என்று ஐந்து புரோகிராம்கள். ஐந்தையும் ஒரே கட்டாகத்தான் விற்போம். அதையெல்லாம் எழுதியவர் ஸ்கந்தராஜா. என் பேர் நவமணி. சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து, ஐந்தாம் பாரம் முடித்து, டைப்பிங் கிளாசுக்குப் போய், கடைசியில் தோட்டத்துக் கிராணிமார்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வேலையில் வந்து விழுந்தேன். கிராணி என்றால் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர். பரம்பரையாகப் பேனா பிடித்த மனுஷர்களைக் கீபோர்டின் முன்னால் உட்கார வைப்பது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

ஸ்கந்தராஜாவின் அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். ரயில்வே குவார்ட்டர்சில் சிக்னல் விளக்கைப் பார்த்து வளர்ந்தவர். ஈயக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். ஈய விலை தரையில் விழுந்து கம்பெனியே மூடியதும் எங்களிடம் வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. சிகரெட் பிடிக்க மாட்டார், ஆனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். உள்ளே பெயிண்ட் செதில்கள். தோட்டத்து வாசல் கதவிலும் தண்ணீர்த் தொட்டியிலும் நகத்தால் சுரண்டி எடுத்து வைத்துக்கொள்வார். ஆபீசுக்கு வந்து அந்தச் செதிலைத் திரையோரமாகப் பிடித்து, இந்தக் கம்பெனிக்கு எந்த நிறம் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஏனென்றால் வாங்குகிற ஒவ்வொரு முதலாளிக்கும் தன் நிறம்தான் வேண்டும். பழைய வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கரும்பச்சை. இன்னொருவருக்கு லாரியில் அடித்திருக்கிற அதே நீலம். கம்பாரில் ஒருவர் மகளுடைய நிச்சயதார்த்தப் புடவையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், "இதே ரோஸ் கலர் வேணும்" என்று. மிஷினில் இருப்பதே பதினாறு நிறம். அதில் அந்த ரோஸ் இல்லை. ஸ்கந்தராஜா அரை மணி நேரம் பொறுமையாக விளக்கம் சொன்னார். நானாக இருந்தால் புடவையை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். இன்னொரு புண்ணியவான், நிறமெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, காசு மிச்சம் பிடிக்க ஒற்றை நிறத் திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். எல்லாம் ஒரே ஆரஞ்சாகத் தெரிந்தது. அதற்கும் எங்களுக்குத்தான் திட்டு.

ஒவ்வொரு கம்பெனிக்காகவும் ஐந்து புரோகிராமையும் திருத்தி எழுத முடியுமா? ஸ்கந்தராஜா ஒரு வழி கண்டுபிடித்தார். புரோகிராமுக்குள் எங்கேயும் பச்சை, நீலம் என்று எழுதவில்லை. எண்தான். ஒன்றாம் எண் தலைப்புப் பட்டைக்கு, இரண்டாம் எண் சாதாரண எழுத்துக்கு, மூன்றாம் எண் தப்பு நடந்தால் காட்டுவதற்கு, இப்படி. எந்தக் கம்பெனிக்கு எந்த எண் என்ன நிறம் என்பது தனியாக ஒரு பிளாப்பியில் இருக்கும். அந்த பிளாப்பியைப் போட்டு ஒரு கட்டளை கொடுத்தால் ஐந்தும் ஒன்றாகச் சட்டை மாற்றிக்கொள்ளும். முதல் தடவை அது வேலை செய்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மாப்பிள்ளைகூட அப்படி இளித்ததில்லை.

"என்ன ஸ்கந்தாண்ணே, கலர் மாஸ்டர் ஆயிட்டீங்க?" என்றேன்.

"பகிடி பண்ணாதையும் நவமணி. ஒரு எண்ணை மாத்தினா எல்லாம் மாறுது. ஒரு இடத்திலயும் கை வைக்கத் தேவையில்லை."

அந்த வார்த்தைதான் பிறகு அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

ஏழாங்கட்டைத் தோட்டம் பீடோரிலிருந்து ஏழாவது மைலில் இருந்தது. அங்கே இருந்த பழைய பெரிய கிராணி நல்ல மனுஷர். ஒருநாள் ஸ்கந்தராஜாவிடம், "ரொம்ப வருஷமா இருக்கற ஆளுங்க பேரு மட்டும் கொஞ்சம் பளிச்சுன்னு தெரியணும் சார். தீவாளிக்கு மொதல்ல அவங்களுக்குத்தான் துணி குடுப்போம். அவங்க வேல நிக்கறப்போ அவங்களுக்குச் சேர வேண்டிய பணமும் விட்டுப்போயிடக்கூடாது" என்றார். ஸ்கந்தராஜா யோசித்தார். அந்தப் பேர்களுக்கு ஒன்றாம் எண்ணைக் கொடுத்தார். அதாவது தலைப்பு நிறம். அப்போது அந்தத் தோட்டத்துக்கு அது நீலம்.

"முதலாளியின்ர கம்பெனிப் பேர் எந்த நிறப் பட்டையில இருக்குதோ, அதே நிறத்தில அவையின்ர பேரும் இருக்கட்டும். அதுதான் மரியாதை" என்றார் என்னிடம். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. லயத்தில் பிறந்தவளுக்கு அதைக் கேட்டால் குளிராதா?

அடுத்த வருஷம் தோட்டம் கைமாறியது. ஈப்போவில் இரும்புக்கடையும் ஹோட்டலும் வைத்திருந்த ஒரு சீன முதலாளி வாங்கினார்; தௌகே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பழைய மேனேஜர் போனார், பெரிய கிராணியும் வயசாகி ஓய்வெடுத்துக்கொண்டார். ஸ்டோரில் பால் நிறுத்துக்கொண்டிருந்த சின்னக் கிராணி ஜெயபாலன் பெரிய கிராணி ஆனார். தௌகேக்கு எல்லாம் சிவப்பும் தங்கமுமாக வேண்டும். வாசல் கதவு சிவப்பு, ஆபீஸ் போர்டு சிவப்பு. அப்படியே கம்ப்யூட்டரும். அவருக்குச் சிவப்பு என்றால் அதிர்ஷ்டம்.

ஒரு சனிக்கிழமை நானும் ஸ்கந்தராஜாவும் கம்பெனியின் பழைய டாட்சன் காரில் போய் புது பிளாப்பியைப் போட்டோம். ஐந்து புரோகிராமின் தலைப்புப் பட்டையும் சிவப்பானது, அதன்மேல் எழுத்து மஞ்சள். தௌகேயின் காரியதரிசிப் பெண் கை தட்டினாள். ஜெயபாலன் அன்றைக்கு லீவு, சொந்தத்தில் கல்யாணம். அதனால் பேர்ப்பதிவின் உள்பக்கத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. பழைய ஆட்களின் பேரும் ஒன்றாம் எண்ணில்தான் இருக்கிறது என்பது ஸ்கந்தராஜாவுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. பீடோரில் இறங்கி நான் வாத்துக்கறி போட்ட கொய்த்தியோ நூடுல்ஸ் சாப்பிட்டேன், அவர் தேத்தண்ணி குடித்தார். சந்தோஷமாக ஈப்போவுக்குத் திரும்பினோம்.

இனி நடந்ததை ஜெயபாலன் பிறகு எங்களிடம் அழுதுகொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை அவர் பெரிய கிராணியாக முதல் தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தார். கறுப்புத் திரையில் எல்லாப் பேரும் வெள்ளையில் இருக்க, சில பேர்கள் மட்டும் சிவப்பில் இருந்தன. இருளாயி, சன்னாசி, பத்துமலை, காளியம்மா என்று எல்லாம் பழைய ஆட்கள். ஜெயபாலனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இதைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், கிராணி பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பேர். வந்தவர்களுக்கு நீல மையில் குறி. யாரையாவது வேலையை விட்டு நிறுத்தினால், பதிவுப் புத்தகத்தில் அந்தப் பேரின் மேல் சிவப்பு மையில் கோடு. அதுதான் பேர் வெட்டு. பேர் வெட்டினால் வேலை போச்சு, லயத்து வீடும் போச்சு. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூடப் பத்தடி தள்ளி நின்று புத்தகத்தில் சிவப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவள்தான்.

தௌகே ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, போடப்போகிறார், ஆள் குறைக்கப்போகிறார் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. புது மேனேஜர் சிடுமூஞ்சி, யாரையும் பக்கத்தில் விடமாட்டார். அப்படி இருக்கும்போது பழைய ஆட்களின் பேர்கள் மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரி சிவப்பில் கிடந்தால் ஒரு கிராணி என்ன நினைப்பார்? பேர் வெட்ட ஆள் பிரித்து மிஷினில் ஏற்றிவிட்டார்கள், இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார். மேனேஜரைக் கேட்கத் தைரியமில்லை.

ஆனால் இருளாயியிடம் மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி. ஜெயபாலனின் அம்மா மரம் சீவப் போனபோது அவருக்குச் சோறு ஊட்டியவள். சாயங்காலம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார். "அத்த, இதான் ஒங்க பேரு. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. முன்னாடியே தெரிஞ்சா ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாமேன்னுதான்" என்றார்.

இருளாயி அந்தச் சிவப்பு வரியைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், தானாகவே வேலையை விட்டுக்கொள்கிறேன் என்று கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். கோழிகளைக் காளியம்மாவிடம் விட்டாள். புதன்கிழமை ஒரு துணி மூட்டையும் பால் வாளியுமாகப் பஸ் ஏறி, தஞ்சோங் மாலிமில் இருந்த மகள் வீரம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தானாக விட்டுப் போகிறவளுக்கு வீடு கிடையாது, இத்தனை வருஷம் வேலை செய்ததற்கு உரியதும் கிடையாது. மேனேஜருக்குக் கசக்குமா? வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு குத்தகைக்காரனுடைய ஆட்கள் அதில் குடிவர ஏற்பாடாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் ஜெயபாலன் வேறு எதற்கோ எங்களுக்குப் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன்.

"கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு நவமணி. ஆனா பேர் வெட்டற ஆளுங்களையும் நீங்களே சேப்புல போட்டுக் குடுத்துட்டீங்க பாத்தீங்களா, அது வயித்தெரிச்சலா இருக்குலா. இருளாயி அத்த போயிடுச்சு."

"என்ன பேர் வெட்டு? யாரு போட்டது? என்னலா பேசறீங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். போனைக் கையால் பொத்திக்கொண்டு ஸ்கந்தராஜாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒன்றாம் எண்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு எடத்துலயும் கை வைக்கத் தேவையில்லன்னு சொன்னீங்களே! இப்போ ஒரு பொம்பள வீட்ட விட்டே போயிட்டாங்க. ஒரு பக்கத்தத் தெறந்து பாத்தா என்ன கொறஞ்சா போயிடும்?" ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் பிளாப்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் கம்பெனி பாஸ் மாடியில் நின்று, "தௌகேகிட்ட வாயத் தொறக்காதீங்க, அவரு இன்னும் ரெண்டு தோட்டத்துக்குச் செட்டு வாங்கறதா இருக்காரு" என்று கத்தினார். வழியெல்லாம் அதுதான் என் காதில் இருந்தது. தப்பை ஒப்புக்கொண்டால் ஸ்கந்தராஜாவுக்கு வேலை போகலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் இருளாயிக்கு வீடு போகும், ஞாயிற்றுக்கிழமைக்குள். தாப்பா ஊரைத் தாண்டியதும் ஸ்கந்தராஜா, "எங்கட அப்பாவுக்குச் சிவப்பெண்டா நில்லு, அவ்வளவுதான். உலகம் முழுக்க அப்படியெண்டுதான் நான் நினைச்சிருந்தனான்" என்றார். எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஏனென்றால் சிவப்புப் பட்டை ஏறினபோது நானும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மேனேஜரிடம் ஸ்கந்தராஜா எதையும் மறைக்கவில்லை. என் தப்பு, நிறம் மாறியதில் வந்த வினை, அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று நேராகவே சொன்னார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அவங்களே வந்து கைநாட்டு வச்சாங்க. நான் போகச் சொல்லலையே. வயசான ஆளு, மக வீட்டுல இருக்கட்டும். ஒங்க தப்பால ஒங்களுக்கென்ன நஷ்டம்? போய் வேலையப் பாருங்க சார்."

ஸ்கந்தராஜாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷன். பேப்பர் விழுந்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். அப்படிப்பட்டவர் மேசைமேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மேனேஜரின் பேனாக்கூடு உருண்டு கீழே விழுந்தது.

"நீங்கள் கூப்பிடாட்டி நான் கூப்பிடுறன். தௌகே எங்க?"

தௌகே அன்றைக்குத் தோட்டத்தில்தான் இருந்தார். ஸ்டோரில் பழைய இரும்புச் சாமான்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைக்கால் சட்டையும் பனியனுமாக இருந்தவரை ஸ்கந்தராஜா கிட்டத்தட்ட கையைப் பிடித்து ஆபீசுக்கு அழைத்து வந்து, திரையின் முன்னால் நிறுத்தி, பேர்ப்பதிவைத் திறந்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தௌகே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். முகம் மாறியது.

"இனி ஒராங் மாத்தி கா?" என்றார். இதெல்லாம் செத்தவர்களா என்று மலாயில் கேட்டார்.

"இல்லை தௌகே. ஹிடுப். செமுவா ஹிடுப்" என்றார் ஸ்கந்தராஜா. எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள்.

தௌகே இரண்டடி பின்னால் போனார். "சுவே லா, சுவே!" என்று, அதாவது அபசகுனம் என்று, தலையில் அடித்துக்கொண்டார். கடைக்குச் சிவப்பு, கதவுக்குச் சிவப்பு, கல்யாணத்துக்குச் சிவப்பு, ஆனால் உயிரோடு இருக்கிறவன் பேரைச் சிவப்பில் எழுதலாமா, எவன் எழுதினான் என்று மலாயிலும் கண்டோனீஸ் சீனத்திலும் பொரிந்து தள்ளினார். அவர்கள் வழக்கத்திலும் அது ஆகாது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. சிவப்பைக் கேட்டவரே சிவப்பைப் பார்த்து நடுங்கியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"நான்தான் எழுதினது" என்றார் ஸ்கந்தராஜா. அதன்பிறகு இருளாயியின் கதையையும் சொன்னார்.

தௌகே மேனேஜர் பக்கம் திரும்பினார். நான் வாங்கின தோட்டத்தில் முதல் காரியமாக ஒரு பெண்ணின் பேரைச் சிவப்பில் போட்டு வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள், இது எனக்கு நல்லதா என்று மேனேஜரைக் கேட்டார். அந்தக் கைநாட்டுத் தாளை வாங்கி நான்காகக் கிழித்தார். சாவியை எடுத்து ஸ்கந்தராஜாவின் கையில் வைத்தார். தௌகே ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. இரண்டு வருஷம் கழித்துச் செம்பனை போடத்தான் செய்தார். ஆனால் அப்போது ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேசி, உரியதைக் கொடுத்துத்தான் செய்தார்.

ஸ்கந்தராஜா உட்கார்ந்து பேர்களுக்கென்று தனியாக ஓர் எண் போட்டார். அதற்கு வெள்ளை. நான் ஒரு கோப்பை காப்பி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலே வந்தது.

தஞ்சோங் மாலிமில் வீரம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெயபாலனும் எங்களோடு வந்திருந்தார். பின்கட்டில் இருளாயி துணி அலசிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், ஒல்லி உடம்பு, கையெல்லாம் ரப்பர் பால் கறை. ஜெயபாலனைக் கண்டதும் எழுந்தாள். ஜெயபாலன், "அத்த, ஒங்க பேர வெட்டலத்த. நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

இருளாயி அவரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள். "இவங்க யாரு?"

ஸ்கந்தராஜா முன்னால் வந்தார். "அந்த நிறத்தைப் போட்டது நான்தான் அம்மா. உங்கட பேரைத் தலைப்பு நிறத்தில போட்டனான். கன காலம் வேலை செய்த ஆக்கள், மரியாதையா இருக்கட்டும் எண்டு. பிறகு நிறம் மாறினதை நான் கவனிக்கேல்லை."

"மரியாதையா?" இருளாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "யாரக் கேட்டு தம்பி குடுத்தீங்க அந்த மரியாதைய? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ஸ்கந்தராஜா தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் புருசன பெரட்டுல நிறுத்தி வச்சானுங்க. எல்லாரு பேரையும் கூப்புட்டானுங்க, அவரு பேர மட்டும் கூப்புடல. அவரு பாட்டுக்கு வாளியோட நின்னுக்கிட்டே இருந்தாரு. எல்லாரும் மரத்துக்குப் போயாச்சு. அப்பறம் கிராணி புத்தகத்தத் திருப்பிக் காட்டுனான், சேப்புல ஒரு கோடு. நா தூரத்துலேருந்து பாத்தேன். எனக்கு எழுத்து தெரியாது தம்பி. சேப்பு தெரியும்." அலசின துணி ஒன்றை எடுத்துப் பிழிந்தாள். "எனக்கு வேல இருந்ததால வீடு தப்புச்சு. ஆனா அன்னைக்கிக் குனிஞ்ச தலைய அவரு சாவுற வரைக்கும் நிமுத்தல. அதே எடத்துல நானும் போய் நிக்கணுமா? அதான் நானே வந்துட்டேன். மூணு நாளா உக்காந்து யோசிக்கிறேன், நா என்ன தப்புப் பண்ணேன், எந்த மரத்தக் காயப்படுத்துனேன், யாரு வயித்துல அடிச்சேன்னு."

நான் எதற்கும் சட்டென்று அழுகிறவள் இல்லை. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒரு தப்பும் பண்ணேல்லை அம்மா. தப்பு முழுக்க என்ர" என்றார் ஸ்கந்தராஜா. சாவியை நீட்டினார். "வீடு அப்படியே இருக்குது. வாங்கோ."

அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. சாவியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "வீடு இருந்தா ஆச்சா? நா ஓடிட்டேன்னு லயமே பேசியிருக்கும். நாளைக்குப் பெரட்டுல எல்லாரு முன்னாடியும் எம் பேரக் கூப்புடணும். கூப்புடறப்போ நீங்க ரெண்டு பேரும் அங்க நிக்கணும். அப்பத்தான் வருவேன்."

"நிக்கிறன்" என்றார் அவர்.

அப்புறம்தான் இருளாயி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தாள். வீரம்மா எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கருவாட்டுக் குழம்பு. ஸ்கந்தராஜா சைவம். ஒரு வார்த்தை சொல்லாமல் வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டார். அதைக் கவனித்த இருளாயி எழுந்து போய் இரண்டு அப்பளம் சுட்டுக் கொண்டுவந்து அவர் தட்டில் போட்டாள்.

அன்றிரவே இருளாயியோடு காரில் திரும்பினோம். நாங்கள் ஜெயபாலன் வீட்டில் தங்கினோம். விடியுமுன்பே எழுந்து ஆபீஸ் வாசலுக்குப் போனோம். பனி. ஆட்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் வந்து நின்றார்கள். இருளாயி வந்ததும் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. வரிசைக்கும் போகவில்லை. நேராக ஆபீசுக்குள் வந்து, "எங்க எம் பேரு?" என்றாள்.

ஸ்கந்தராஜா திரையில் விரல் வைத்துக் காட்டினார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எல்லாரு பேரு மாதிரிதான இருக்கு?"

"ஓம் அம்மா. எல்லாற்ற பேர் மாதிரியுந்தான். வேற நிறம் வேணுமெண்டா சொல்லுங்கோ, மாத்தித் தாறன்."

"வேணாம் தம்பி. இதுவே இருக்கட்டும்."

அவள் போய், தான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். ஜெயபாலன் பேர்ப்பதிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றார். பேர் கூப்பிட ஆரம்பித்தார். பத்துமலை. சன்னாசி. காளியம்மா. ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். ஸ்கந்தராஜா என் பக்கத்தில் நின்றார். சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியைக் கையில் எடுத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

"இருளாயி."

பதில் வரவில்லை. அவள் நின்ற இடத்தைப் பார்த்தேன். நிமிர்ந்துதான் நின்றாள். உதடு மட்டும் துடித்தது. ஜெயபாலன் இன்னொரு தடவை கூப்பிட்டார், இந்தத் தடவை வரிசையின் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி.

"இருளாயி!"

"இருக்கேன்!"

அந்தச் சத்தத்துக்கு ஆபீஸ் நாய் எழுந்து குரைத்தது. யாரோ சிரித்தார்கள். ஜெயபாலன் குறி போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனார். என் பக்கத்தில் ஸ்கந்தராஜா மட்டும் யாரும் கேட்காமலே, மெதுவாக, "ஓம், இருக்கிறா... இருக்கிறா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.